கவுதாரிக்கு அடித்த கெட்டி மேளம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது என்னிடம் "இதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்ல வாய் வராது. "ஆமாம்" என்பது தானாக வந்து விழுந்துவிடும். காம்பார் ஊரில் ஒருமுறை ஒருவர் காரை நிறுத்தி வழி கேட்டார். அவர் சொன்ன தாமான் குடியிருப்பின் பெயரையே நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் மூன்றாவது சமிக்ஞை விளக்கில் இடப்பக்கம் திரும்பச் சொல்லி அனுப்பி வைத்தேன். (மனுசன் இன்னும் சுத்திக்கிட்டு இருக்காரோ என்னவோ.) ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. எதிரில் நிற்பவரின் முகம் வாடிவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தால் நான் கெடுத்த காரியங்களில் ஒன்றுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது. கெட்டது என் அக்காவின் கணவருடைய காரியம்.

அவர் பெயர் குணசீலன். எனக்குக் குணா மச்சான். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்து, அங்கே சிலிபின் பகுதியில் அக்காவோடு குடித்தனம் நடத்தியவர். இருபது வருடத்துக்கு மேல் காய்கறி லோரி ஓட்டினார். கேமரன் மலையில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் புலாய் சாலை வழியாக இறங்குவார். விடியற்காலையில் காய்கறித் தோட்டத்துக்குப் போனால் சாமான் ஏற்றி முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துத் தூங்குவார்கள். மச்சான் இறங்கிப் போய்ப் பறவை பார்ப்பார். அப்படித் தொடங்கியதுதான். ஒரு பழைய தொலைநோக்கி வாங்கினார், ஒரு படப் புத்தகம் வாங்கினார், நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் பார்த்த பறவைகளின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அந்த நோட்டில் ஒரு பெயருக்கு நேராக மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. மலைக் கவுதாரி. மலாய்க்காரர்கள் சாங் செரூக் என்பார்கள். நம் மலேசிய மலைக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். கோழியில் பாதி இருக்கும். கறுத்த தலை, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு, சாம்பல் நிற மார்பு, சிவந்த கால். தரையில்தான் நடமாடும். ஆள் சத்தம் கேட்டால் பறக்கக்கூடச் சோம்பல்பட்டு, இலைச் சருகுக்குள் ஓடி மறைந்துவிடும். மச்சான் அதன் குரலை நூறு தடவை கேட்டிருக்கிறார். பறவையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் போனது. இனிப்பு நீர் வியாதி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. லோரியை விட்டார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். இதயமும் பலவீனமாகிவிட்டது, ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு வேலை தொலைத்தொடர்பு கோபுரங்களைப் பராமரிப்பது. மலைகளின் உச்சியில் நிற்கிற கோபுரங்களுக்குப் போய் ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றுவேன், பேட்டரி பார்ப்பேன். வெள்ளிக்கிழமைகளில் மதியத்துக்குமேல் வேலை குறைவு என்பதால் மச்சானோடு போய் டயாலிசிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே நேரம் போகவே போகாது. இயந்திரம் சுற்றுகிற சத்தம், எதிரே ஒலியில்லாமல் ஓடுகிற தொலைக்காட்சி, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் அந்தப் படப் புத்தகத்தை மடியில் விரித்துக் கவுதாரியைக் காட்டினார்.

"நீ மலை மலையா ஏறுறியே, இத எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

நான் எட்டிப் பார்த்தேன். கோழி மாதிரி இருந்தது. ஒரு கோபுரத்தின் வேலியோரம் கோழி மாதிரி ஏதோ ஒன்று நடந்து போனதைச் சில முறை பார்த்த ஞாபகம் வந்தது.

"இதுவா? நெறைய பாத்திருக்கேனே மச்சான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழாய்கள் இழுபட்டு இயந்திரம் கீச்சென்று கத்த, தாதி ஓடி வந்து அவரைச் சாய்த்துவிட்டுப் போனாள்.

"கால் செவப்பா இருந்துச்சா?"

"செவப்புதான்."

"கண்ணுக்குப் பின்னால வெள்ளையா ஒரு கோடு?"

"ஆமா, நல்லா தெரிஞ்சிச்சு."

"எத்தன மணிக்கு வரும்?"

"காலையில ஏழு ஏழரைக்கு. வேலிக்கு வெளிய நடந்து போகும். டெய்லி வரும்னு நெனைக்கிறேன்."

(டெய்லி என்று எதற்குச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.)

மச்சான் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த டவர் வரைக்கும் காடி போகுமா?"

அந்த இடத்திலாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். "போகாது, நாலு மணி நேரம் நடக்கணும்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஆசையை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் உண்மையைத்தான் சொல்லியிருப்பீர்கள். என் துரதிர்ஷ்டம், உண்மையிலேயே கோபுரத்தின் வாசல் வரைக்கும் வண்டி போகும்.

அக்கா சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. அவள் பெயர் சாந்தி. பெயரில் மட்டும்தான் சாந்தி.

"மேல குளிரு. மூச்சு வாங்குச்சுன்னா யாரு பாக்குறது? நீயா?"

"காடியிலயே போயி காடியிலயே வாரோம்கா. ஒரு அடி நடக்க வேணாம்."

"ஒன்னைய நம்பி ஒரு கிலோ வெங்காயம் வாங்க அனுப்ப முடியாது."

கடைசியில் மச்சான்தான் முடித்து வைத்தார். "சாந்தி, இருவது வருசமா சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ போயிட்டு வாரேன்" என்றார். அவர் எதையும் கெஞ்சிக் கேட்கிறவர் இல்லை. அக்கா ஸ்வெட்டரைத் தேட எழுந்து போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். நான் கம்பெனி பிக்அப்பை அனுமதி கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். அக்கா நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம், மாத்திரை டப்பா, இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்டிக் முக்காலி எல்லாவற்றையும் ஏற்றினாள். தண்ணீர்ப் போத்தலில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தாள். டயாலிசிஸ் ஆளுக்குத் தண்ணீர் அளவுதான். "இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மச்சான் பறவை பார்க்கப் போகும்போது போனைக் கொண்டுவர மாட்டார் என்பதால் அடுத்த உத்தரவும் எனக்குத்தான் வந்தது.

"ஒரு மணிக்கு ஒரு தடவ ஒன் போனுக்குக் கூப்புடுவேன். எடுக்கணும்."

ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் எடுத்தேன். ஒரு மடையனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் முன்னறிவிப்புக் கொடுக்க முடியாது.

மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கும் பனிமூட்டம். கோபுரத்தின் பாதி உயரம்வரைதான் தெரிந்தது. மச்சானை வேலியோரம் முக்காலியில் உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, தலையில் குல்லாவை மாட்டிவிட்டேன். தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு, நீல நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து முதல் நாள் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழேகாலுக்குப் புல் அசைந்தது. பழுப்பு நிறத்தில் ஒன்று வேலியோரம் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஐந்து குஞ்சுகள்.

"மச்சான், அதோ," என்றேன்.

பத்தடி தூரத்தில் நின்ற அதை மச்சான் தொலைநோக்கியை எடுத்து வைத்து நிதானமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணிலிருந்து எடுத்தார்.

"சேகர், இது கோழி."

"எந்தக் கோழி மச்சான்?"

"கம்போங் கோழி. வீட்டுல வளக்குறது."

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து காவலாளி பாக் மாட் ஒரு கிண்ணத்தில் அரிசியோடு வந்தார். "குர் குர் குர்" என்று கூப்பிட்டார். கவுதாரி குடும்பத்தோடு அவரிடம் ஓடியது. "அயாம் சாயா," தன்னுடைய கோழிதான் என்று மச்சானிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, மொத்தம் எட்டு உருப்படி என்றும் சொன்னார்.

மச்சான் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு காட்டைப் பார்த்தார்.

"பரவால்ல லா. காத்து நல்லா இருக்கு. இந்த மாதிரி காத்து வாங்கி எவ்வளவு நாளாச்சு."

இந்த மனிதர் வாரத்தில் ஒரே ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருப்பார். அந்த நாளில் மலையேற்றி இன்னொருவர் வீட்டுக் கோழியைக் காட்டியிருக்கிறேன். அப்போதுதான் இரண்டாவது யோசனை வந்தது. முதல் யோசனையைவிட மோசமானது.

"மச்சான், வந்ததுக்கு ஜெனரேட்டர் எண்ணெய் ஒரு தடவ பாத்துட்டு வாரேன்," என்று எழுந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தேன். கோபுரத்தின் அடியில் நிற்கிறேன், சிக்னல் முழுதாக இருந்தது. தேடியதும் கவுதாரியின் குரல் கிடைத்தது. இறக்கிக்கொண்டேன். வேலிக்கு வெளியே சுற்றிப் போய், முப்பது அடி தள்ளி, ஒரு மரத்தின் வேரிடுக்கில் பாசிக்கும் பெரணிக்கும் நடுவே போனைச் செருகினேன். ஒலியை முழுதாக ஏற்றி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்துவிட்டு, தொடக்கத்தில் கொஞ்சம் அமைதி இருந்ததால் ஓடி வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சானுக்குக் குரலாவது கேட்கட்டும், பனியில் பறவை தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். இருபது வருடமாகக் குரலைக் கேட்டவரிடமே குரலைக் கொண்டுபோய் விற்கிறோமே என்று தோன்றவே இல்லை.

குரல் எழுந்தது. ஒரு விசில், அப்புறம் இன்னொன்று, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே போய், பிறகு இரட்டை இரட்டையாக விழுந்தது. மச்சானின் தலை சட்டென்று நிமிர்ந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கை அது. அவர் முன்கை என் கைமேல் பட்டபோது, தோலுக்கடியில் சின்ன இயந்திரம் ஓடுவதுபோல் ரத்தம் அதிர்வது தெரிந்தது.

"பேசாத," என்றார்.

போன் பாடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மச்சானின் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நான்காவது சுற்றில் அவர் முகத்தைத் திருப்பினார். போன் இருந்தது வலப்பக்கம். அவர் இடப்பக்கம், சரிவுக்குக் கீழே பார்த்தார். பாவம், வியாதியில் காதும் மந்தமாகிவிட்டது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவர் பிடி இறுகியது. கீழே பெரணி இலை ஒன்று ஆடியது. தொலைநோக்கியை மெல்ல மெல்ல உயர்த்தினார்.

மணி எட்டு.

என் போனின் அழைப்பொலியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாகப் போனபோது உற்சாகத்தில் கெட்டி மேளத்தை அழைப்பொலியாக வைத்தேன். தாலி கட்டும்போது அடிப்பார்களே, அதேதான். நாதஸ்வரமும் இரண்டு தவிலும். அதை மாற்றவே இல்லை.

அந்த மலைக்காட்டில் அதுவரை யாருக்கும் கல்யாணம் நடந்திருக்காது. மேளம் வேரிடுக்கிலிருந்து வெடித்துக் கிளம்பி எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. பாக் மாட்டின் எட்டுக் கோழிகளும் கத்திக்கொண்டு ஓடின. சரிவுக்குக் கீழே 'ப்ர்ர்' என்று ஏதோ அடித்துக்கொண்டது, சருகு நொறுங்க நொறுங்க ஒரு சத்தம் தூரமாக ஓடித் தேய்ந்தது.

நான் பாய்ந்தேன். வேலி மூலையில் சேறு வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் கால்வாய் வரைக்கும் போனேன். எழுந்து போய்க் கையை விட்டால் போன் வேரிடுக்கில் இன்னும் உள்ளே நழுவியிருந்தது. மேளம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அக்கா மறுபடி கூப்பிட்டாள். மறுபடி தாலி கட்டினார்கள். தோள்வரை கையை நுழைத்து ஒருவழியாக எடுத்தேன்.

"ஏன் போன எடுக்க மாட்ற? மாத்திரை குடுத்தியா?"

"குடுத்துட்டேன்கா."

"ஏன் மூச்சு வாங்குது ஒனக்கு? அவரு நல்லாதானே இருக்காரு?"

"நல்லா இருக்காருக்கா. அப்பறம் பேசுறேன்."

துண்டித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். உடம்பெல்லாம் சேறு. முழங்கையில் ஓர் அட்டை. மச்சானுக்கு என்ன சொல்வது, யாரோ சுற்றுலாக்காரன் போனைத் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னால் எடுபடுமா என்று யோசித்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். அப்போது என் சட்டைப் பையிலிருந்து மலைக் கவுதாரி பாட ஆரம்பித்தது. அழைப்பு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தப் போனின் நல்ல குணம்.

கவுதாரி ஒரு முழுச் சுற்றுப் பாடி முடித்தது. அதற்குப் பிறகுதான் அதை நிறுத்த வேண்டும் என்ற புத்தி எனக்கு வந்தது.

"மன்னிச்சிருங்க மச்சான்."

அவர் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது சுத்துலயே போனுன்னு தெரியும்டா," என்றார். "ஒரே எடத்துல மூச்சு வாங்கி, ஒரே எடத்துல நிறுத்துது. எந்தப் பறவ அப்படிக் கூப்புடும்?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"கீழேருந்து ஒண்ணு பதில் சொல்லுச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"நெசப் பறவையா?"

"நெசந்தான். ஒன் போனு யாரோ புதுசா வந்துட்டான்னு நெனைச்சு ஏறி வந்துச்சு. அதோ அந்தக் கல்லுகிட்ட வரைக்கும் வந்துருச்சு. எலைக்கு அடியில கால் தெரிஞ்சிச்சு. ரெண்டு காலு. நல்ல செவப்பு. இன்னும் ரெண்டு அடி வச்சிருந்தா முழுசா பாத்திருப்பேன்."

நான் சேற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் வராத ஒன்று வந்திருக்கிறது. வரவழைத்தது என் போன். துரத்தியதும் அதே போன்.

மச்சான் நோட்டைத் திறந்து, அந்தக் காலி இடத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மலைக் கவுதாரி' என்பதற்கு நேராக, 'கால் மட்டும்.'

இறங்கும்போது இரண்டாவது வளைவில், "ஏன்டா, கெட்டி மேளம் எதுக்குடா?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மூச்சுத் திணறி இருமல் வந்து, நான் பயந்து வண்டியை ஓரம் கட்டினேன். தண்ணீர் கேட்டார். போத்தலில் தண்ணீர் கறுப்புக் கோட்டில் நின்றது. என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஒரு பெரிய மிடறு குடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் தண்ணீரைத் தண்ணீர் மாதிரி குடிப்பதைப் பார்த்தேன்.

"ஒங்க அக்காகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்து நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

மழைக்காலம் முடிந்ததும் திரும்பப் போகலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் மச்சான் இந்தக் கதையைத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்னைக் கண்டதும் அந்த மேளத்தைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். தாதிகளும் சேர்ந்துகொள்வார்கள். வீட்டில் 'கால் மட்டும்' என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அக்கா மகள் கவிதா கார் ஓட்டும் சோதனையில் எழுத்தில் தேறிச் சாலையில் தவறியபோது, மச்சான் கேட்டார், "கால் மட்டுமா?" மீன் குழம்பில் துண்டு கிடைக்காமல் குழம்பு மட்டும் விழுந்தால், கால் மட்டும். யாராவது தாலி கட்டி முடிந்த பிறகு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பாட்டோடு திரும்பினால், கால் மட்டும்.

மழைக்காலம் முடிந்தது. மச்சானால் வாசல்வரை நடக்க முடியவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனோம். ஒரு புதன்கிழமை டயாலிசிஸ் நடுவில் இதயம் தடுமாறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் விடுவார்கள். அக்கா பார்த்துவிட்டு வந்து என்னை அனுப்பினாள். நான் உள்ளே போன நேரம் அவர் கட்டிலைச் சுற்றி டாக்டரும் தாதிகளும் நின்றார்கள். திரையை இழுத்து விட்டிருந்தார்கள். ஒரு தாதி என்னைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கையைக் காட்டினாள். திரை கட்டில் முனைவரைக்கும் எட்டவில்லை. போர்வைக்கு வெளியே மச்சானின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. கொஞ்சம் வீங்கியிருந்தன. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா?"

"கால் மட்டும்," என்றேன்.

சத்தியமாக நான் வேண்டுமென்று சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது எனக்கே உறைத்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த நடைபாதையில் சத்தத்தை அடக்கமாட்டாமல் சிரித்தோம். பெஞ்சின் மறுமுனையில் இருந்த சீனக் கிழவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். அக்காவின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை மச்சான் போய்விட்டார். எனக்கு மறுபடி உள்ளே போக வாய்க்கவில்லை. உயிரோடிருந்த அவரை நான் கடைசியாகப் பார்த்தது அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போவதை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நீங்களாவது கேளுங்கள். சில மாதங்களுக்கு முன்னால் அதே கோபுரத்தில் வேலை முடித்து இறங்கிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூன்றாவது வளைவில் சாலை நடுவே ஏதோ நின்றது. பிரேக்கை அழுத்தி என்ஜினை அணைத்தேன். கறுத்த தலை. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு. சாம்பல் மார்பு. அது சருகைக் காலால் கிளறி, நின்று, என் வண்டியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மறுபடி கிளறியது. ஓரத்திலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்துகொண்டது. மூன்று நிமிடம் இருக்கும். நான் போனைத் தொடவில்லை. தொட்டால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். ஆகவே படம் இல்லை, ஆதாரம் இல்லை. இரண்டும் சாலையைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போயின. நான் வண்டிக்குள் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்.

"போன எந்தப் பொதருக்குள்ள வச்சிருந்தீங்க மாமா?" என்றாள் கவிதா.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் புருசன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மேசைமேல் தாளம் போட்டு வாயாலேயே கெட்டி மேளம் வாசித்தான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. நான் சொன்னதைக் கேட்டு, நாலே கேள்வி கேட்டு, இது நிஜம், இது புளுகு என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே இல்லை.

சாப்பிட்டவர்கள் எழுந்து போன பிறகு, அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தனியாவா போச்சு, சோடியாவா?"

"சோடியாதான்கா."

"ம்," என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டாள்.